வீழக் கற்றுத்தந்த ஆசான்: கானோ ஜிகோரோ

ஜப்பானியக் கல்வி வரலாற்றிலும் விளையாட்டு வரலாற்றிலும் ஒருங்கே இடம்பெற்றவர் கானோ ஜிகோரோ (1860–1938). ஜூடோ என்னும் கலையைத் தோற்றுவித்தவர் என்றே உலகம் அவரை அறியும். ஆயின் வாழ்நாளின் பெரும்பகுதியில் அவர் ஊதியம் பெற்றுச் செய்த தொழில் ஆசிரியத் தொழிலேயாகும். ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி ஒன்றுக்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் தலைவராக இருந்தவர் அவர். நம் போன்ற கல்லூரிகளின் மலரில் அன்னாரைப் பற்றி எழுதுவதற்கு இதுவே போதிய காரணமாகும்.

வேறொரு காரணமும் உண்டு. தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு ஆகிய பகுதிகளில் மாலை வேளையில் வெள்ளைச் சீருடை உடுத்துப் பயிற்சிக்குச் செல்லும் சிறுவர் சிறுமியரைக் காண்கிறோம். அவர்களுள் கராத்தே பயில்வோரே மிகுதி. ஜூடோ பயில்வோர் சிலரே. எனினும் இருசாராரும் உடுத்தும் அச்சீருடையும், கறுப்புக் கச்சையால் தேர்ச்சியைக் காட்டும் முறையும் கானோவின் பள்ளியில் தோன்றியவையே. ஒகினாவாத் தீவிலிருந்து தோக்கியோவுக்கு வந்த கராத்தே ஆசான் ஃபுனகோஷி கிச்சின் 1922-இல் கானோவின் அழைப்பை ஏற்று அவர் கூடத்தில் தம் கலையைச் செய்து காட்டினார். அதன்பின் சீருடையையும் படிநிலை முறையையும் கராத்தே உலகம் ஜூடோவிடமிருந்து ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளை இத்தகைய வகுப்புகளுக்கு அனுப்பும் பெற்றோரிடம் இரண்டு ஐயங்களைக் கேட்கிறோம். பிறரை அடிக்கக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்பது ஒன்று. அங்கே குனிந்து வணங்கச் சொல்கிறார்களே, அது நமக்குத் தகுமா என்பது மற்றொன்று. இது நம் சமுதாயத்தவரிடம் சற்று அழுத்தமாகவே எழுவது. இவ்விரண்டையும் மனத்தில் இருத்தியே இப்பெருந்தகையின் வாழ்வை இங்கு நோக்குகிறோம்.

மெலிந்த உடல்

கானோ என்பது குடும்பப் பெயர். ஜிகோரோ என்பதே இயற்பெயர். கோபே நகருக்கு அருகிலுள்ள மிகாகே என்னும் கடற்கரை ஊரில் 1860-ஆம் ஆண்டு பிறந்தார். தாய்வழிக் குடும்பம் அரிசி மது வடிக்கும் செல்வக் குடும்பம். தந்தையார் அத்தொழிலில் ஈடுபடாது, கப்பல் போக்குவரத்திலும் அரசுப் பணியிலும் நாட்டம் கொண்டவர். ஜிகோரோ ஒன்பது பத்து வயதினராக இருந்தபோது அன்னையார் காலமானார். பிள்ளையின் படிப்பைக் கருதித் தந்தையார் அவரைத் தோக்கியோவுக்கு அழைத்துச் சென்றார்.

படிப்பில் முதல்வர், உடலில் மெலிந்தவர். முழுவளர்ச்சி பெற்ற பின்னும் ஐந்தடி இரண்டு அங்குலமே உயரம். ஆங்கிலம் கற்பதற்காகச் சேர்ந்த விடுதிப் பள்ளியில் மூத்த மாணவர்கள் அவரை ஓயாது துன்புறுத்தினர். நன்றாகப் படிக்கும் சிறுவனை அடித்துப் பார்ப்பதில் சிலருக்கு ஓர் இன்பம் உண்டு. அது எந்த நாட்டிற்கும் புதிதன்று. நம் தமிழகத்திலும் கல்லூரிகளில் நிகழ்ந்த பகடிவதைக் கொடுமைகளின் விளைவாக 1997-இல் அதனைத் தடைசெய்யும் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அடிபட்ட சிறுவன் வளர்ந்ததும் தானும் அடிப்பவனாகிப் பழி தீர்த்துக்கொள்வது வழக்கம். மூத்தவனானதும் அடுத்த ஆண்டு வரும் இளையவனிடம் அதே கொடுமையை நிகழ்த்துவதும் உண்டு. கானோவின் வாழ்வு அவ்வழியில் செல்லவில்லை. அவர் வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுவென்றே கருதுகிறேன்.

மெலிந்தவன் வலியவனை வெல்லும் கலையாக ஜுஜுத்ஸு அந்நாளில் பேசப்பட்டது. சாமுராய் வகுப்பினர் போற்றிய அப்பழங்கலை, 1868-க்குப் பின் மேலைநாட்டு மோகம் மிகுந்த காலத்தில் மதிப்பிழந்திருந்தது. ஆசான்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியத்தால் பிழைத்தனர். கானோ ஆசான் தேடி அலைந்தபோது இத்தகைய வைத்தியர்களைத்தான் நாடிச் சென்றார். காலம் கடந்த கலை என்று தந்தையாரும் ஊக்கப்படுத்தவில்லை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த 1877-ஆம் ஆண்டில் ஃபுகுதா ஹச்சினோசுகே என்னும் ஆசான் அவருக்குக் கிட்டினார்.

அக்கூடத்தில் உடல் பருத்த மூத்த மாணவர் ஒருவரைக் கானோவால் வீழ்த்த முடியவில்லை. வேறொருவராயின் உடல் வாகின் மீது பழிபோட்டு அமைந்திருப்பர். கானோ நூலகம் சென்றார். ஜப்பானிய மல்யுத்தமாகிய சுமோவின் பிடிகளை ஆராய்ந்தார். அது பயன்படாமற்போகவே மேலைநாட்டு மற்போர் நூல்களைப் புரட்டி, ஆளைத் தோளின் மீது சக்கரம் போலச் சுழற்றி இறக்கும் ஒரு பிடியைக் கண்டெடுத்தார். அதைக் கொண்டு அப்பெரிய மாணவரை வீழ்த்தினார். பழங்கலையைப் பயில நூலகத்திற்குச் செல்லலாம் என்ற எண்ணம் அக்காலத்து ஆசான் எவருக்கும் தோன்றியிருக்குமா என்பது ஐயமே. பயிற்சிக் குறிப்புகளை அவர் ஆங்கிலத்தில் எழுதி வந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஃபுகுதா 1879-இல் மறைந்தார். ஆசானின் மனைவியார் தம் கணவரின் சுவடிகளை இவ்விளைஞரிடமே ஒப்படைத்தார். அடுத்து வந்த ஆசான் இசோவும் 1881-இல் காலமானார். மூன்றாவதாக வேறொரு மரபைச் சேர்ந்த இகுபோ சுனெதோஷியிடம் பயின்றார். ஒரே மரபில் நிலைத்து அதனையே உயர்ந்ததென்று வாதிடும் வாய்ப்பை விதி அவருக்கு அளிக்கவில்லை எனலாம். பல மரபுகளின் நுட்பங்களை ஒப்பிட்டு நோக்கும் மனப்பான்மை அவ்வாறே வளர்ந்தது.

பன்னிரண்டு பாய்

1882-ஆம் ஆண்டு, இருபத்திரண்டு வயதும் நிரம்பாத நிலையில், தோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்த மடத்தின் ஒரு பகுதியை வாடகைக்குப் பெற்றுத் தம் பள்ளியைத் தொடங்கினார். இடம் பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவே. நம் கணக்கில் ஏறத்தாழ 200 சதுர அடி. மாணவர் ஒன்பதின்மர். ஆட்களைத் தூக்கி எறியும் அதிர்ச்சியில் மடத்தின் தரைப்பலகைகள் உடையும். இரவில் கானோவே விளக்குடன் தரைக்கு அடியில் புகுந்து அவற்றைச் செப்பனிடுவார் என்பர். கூடத்திற்குக் கோடோகன் என்று பெயரிட்டார். நெறியைக் கற்கும் இல்லம் என்பது பொருள். கலையின் பெயரையும் மாற்றினார். ஜுஜுத்ஸு என்பதில் உள்ள ஜுத்ஸு நுட்பத்தைக் குறிப்பது. ஜூடோ என்பதில் உள்ள டோ வழியைக் குறிப்பது. ஒரே சொல் மாற்றம்தான். எனினும் அவர் செய்த புரட்சி முழுவதும் அதில் அடங்கியுள்ளது.

உயிருக்கு ஊறு விளைக்கும் அடிகளையும் மூட்டை முறிக்கும் பிடிகளையும் நேர்ப் பயிற்சியிலிருந்து அவர் விலக்கினார். முன்னமே வகுத்த அசைவுகளை ஒப்பிக்கும் பயிற்சிக்கு அவை ஒதுக்கப்பட்டன. எஞ்சியவற்றைக் கொண்டு இருவர் முழு வலிமையோடும் ஒருவரையொருவர் வீழ்த்த முயலலாம். பயிற்சி முடிந்ததும் இருவரும் நலமாக வீடு திரும்பலாம். இது இயல வேண்டுமாயின், வீழ்பவனுக்கு வீழத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஜூடோவில் முதற்பாடம் எறிவது அன்று, விழுவது. கையால் பாயை அறைந்து அதிர்ச்சியைப் பரப்பி, தலை தரையில் படாமல் உருண்டு விழும் இப்பயிற்சிக்கு உகெமி என்று பெயர். புதிய மாணவன் நாள் கணக்கில் விழுந்துகொண்டே இருப்பான்.

எறிபவனுக்கும் கடமை உண்டு. எதிராளியின் சட்டைக் கையைத் தன் கையில் விடாது பற்றி, அவன் தலை பாயில் மோதாதவாறு தாங்கிக் கொடுக்க வேண்டும். வென்ற கணத்தில்தான் தோற்றவனின் பாதுகாப்பு வென்றவன் கைக்கு வருகிறது. இதனை அறவுரையாகச் சொல்லிக் கொடுக்காமல் கைப்பழக்கமாகவே ஆக்கியது கானோவின் தனிச்சிறப்பு. 1889-இல் ஐரோப்பா சென்று 1891-இல் கப்பலில் திரும்பியபோது, தம்மை ஏளனமாகப் பேசிய பேருடல் படைத்த ரஷ்யர் ஒருவரை அவர் தூக்கி எறிந்ததாகவும், எறியும்போதே அம்மனிதரின் தலை தளத்தில் மோதாமல் கைகொடுத்துத் தாங்கியதாகவும் ஒரு நிகழ்ச்சி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பார்த்தவர்கள் எறிந்ததை வியந்தனரா, தாங்கியதை வியந்தனரா என்பது கதை சொல்பவரைப் பொறுத்தது.

கோடோகனில் சேருவோர் ஐந்து உறுதிமொழிகளுக்கு உடன்பட்டு ஏட்டில் கையெழுத்திட வேண்டும். தக்க காரணமின்றிப் பயிற்சியைக் கைவிடுவதில்லை, கூடத்தின் பெயருக்கு இழுக்குத் தேடுவதில்லை, கற்ற நுட்பங்களை இசைவின்றி வெளியிடுவதில்லை, இசைவின்றிக் கற்பிப்பதில்லை, விதிகளை மீறுவதில்லை. இவையே அவற்றின் சாரம். கூடத்தில் அமரும் முறை, நிற்கும் முறை, உடையைத் தூய்மையாக வைத்திருத்தல், வீண்பேச்சைத் தவிர்த்தல், பிறர் பயில்வதைக் கூர்ந்து நோக்கல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் நெறி உண்டு. தம் வீட்டோடு சேர்த்து நடத்திய மாணவர் இல்லத்தில், செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் விடியுமுன் எழுந்து துடைப்பம் எடுத்துக் கூட்டிப் பெருக்க வேண்டியிருந்தது.

நமக்கு இவை முற்றிலும் அயலானவை அல்ல. சென்னையில் பள்ளி ஆசிரியரையும் வாத்தியார் என்கிறோம். சிலம்பம் கற்பிப்பவரையும் வாத்தியார் என்கிறோம். எம்.ஜி.ஆர். அவர்களை மக்கள் வாத்தியார் என்று அழைத்ததில் இவ்விரு பொருளும் கலந்தே இருந்தன. சிலம்பக் கம்பைக் கையில் எடுத்ததும் முதலில் ஆடிக்காட்டும் வணக்கத்திற்குச் சலாம் வரிசை என்றே பெயர். அடையாற்றில் 1936-இல் தொடங்கப்பெற்ற கலாக்ஷேத்திரத்தில் நடனம் பயிலும் மாணவியரும் ஆடுமுன் தரையைத் தொட்டு வணங்கியே தொடங்குகின்றனர். நம் இல்லங்களில் அதபு என்று ஒரு சொல் வழங்குகிறது. பெரியவர் முன் குரல் தாழ்த்திப் பேசுவது முதல் உஸ்தாதின் எதிரில் அமரும் முறை வரை அனைத்தும் அதில் அடங்கும். கானோ ரெய் என்று குறித்ததற்கு நெருங்கிய சொல் வேண்டுமாயின் அதபு என்பதையே நான் சொல்வேன்.

குனிதலின் பொருள்

இனி இரண்டாவது ஐயத்திற்கு வருவோம். ஜூடோவில் இருவகை வணக்கம் உண்டு. நின்றவாறு இடுப்பைச் சற்றே வளைத்துச் செய்வது ஒன்று. மண்டியிட்டு அமர்ந்து கைகளைப் பாயில் ஊன்றிக் குனிவது மற்றொன்று. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஆசிரியரும் மாணவரும் ஒருவருக்கொருவர் வணங்குவர். பயிலும் இருவரும் அவ்வாறே செய்வர். ஆசிரியரும் பதிலுக்குக் குனிகிறார் என்பது கருதத்தக்கது. கானோ இவ்வணக்கத்தை மனிதருக்கு மனிதர் காட்டும் மதிப்பாகவே விளக்கினார். நான் உயிரோடும் உறுப்போடும் என்னை உன் கையில் ஒப்படைக்கிறேன். நீயும் அவ்வாறே ஒப்படைக்கிறாய் என்ற இசைவே அதன் உட்கருத்தாகக் கொள்ளத்தக்கது.

ஆயினும் கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவில்லை. தோஜோ என்ற சொல்லே பௌத்தத்திலிருந்து வந்தது. புத்தர் ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் வடசொல்லின் மொழிபெயர்ப்பு அது. ஜப்பானின் கூடங்கள் சிலவற்றில் ஷிந்தோ சமயத்தின் சிறு மாடமும் சுவரில் இருக்கும். அதன் முன் வணங்குவதும், எதிரே நிற்கும் தோழனுக்குத் தலைதாழ்த்துவதும் ஒன்றல்ல. ருகூவும் ஸஜ்தாவும் இறைவனுக்கே உரியன என்பதில் நமக்குள் இருகருத்தில்லை. பயிற்சிக் கூடத்து வணக்கம் அதனுள் அடங்குமா என்பதில்தான் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. இச்சிக்கல் நம்மவர்க்கு மட்டுமே உரியதும் அன்று. அமெரிக்காவில் வணங்க மறுத்த இளம் ஜூடோ வீரர்களின் சார்பில் வழக்குத் தொடரப்பட்டு, வணங்க வேண்டும் என்ற போட்டி விதி சமயப் பாகுபாடு ஆகாது என்று 2002-இல் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

சட்டம் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளையைச் சேர்க்குமுன் ஆசிரியரை நேரில் கண்டு, யாரை நோக்கி, எதற்காக வணக்கம் என்று கேட்பதே முறை. பெற்றோர் கேட்பதை அவமதிப்பாகக் கொள்ளும் ஆசிரியரிடம் பணிவைக் கற்பது கடினம். மனச்சான்றுக்கு இடர் என்று பணிவோடு சொல்லும் மாணவனின் சொல்லைச் செவிமடுப்பது ரெய்க்கு முரணாகாது என்பது என் துணிபு.

கல்லூரித் தலைவர்

கானோ 1882-இலேயே பிரபுக் குலத்தவர் பயின்ற ககுஷுயின் பள்ளியில் ஆசிரியரானார். குலப்பெருமை பாராது திறமையுடைய எளிய வீட்டு மாணவரையும் முன்னேற்ற வேண்டும் என்று அவர் நினைத்தது அங்கே புதிதாக வந்த தலைவருக்கு உவப்பாக இல்லை. ஐரோப்பியப் பயணம் அதன் பின்னர் வாய்த்ததே. திரும்பியபின் குமமோதோ நகரில் உயர்நிலைக் கல்லூரி ஒன்றின் தலைவரானார். லாஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளரை ஆங்கில ஆசிரியராக அங்கு வரவழைத்தவர் அவரே. ஹெர்ன் 1895-இல் வெளியிட்ட நூலொன்றில் அக்கல்லூரியின் பயிற்சிக் கூடத்தைப் பற்றி எழுதிய கட்டுரை, இக்கலையை மேலைநாட்டு வாசகருக்கு அறிமுகப்படுத்தியது.

1893-இல் தோக்கியோ உயர் ஆசிரியர் கல்லூரியின் தலைமை அவரிடம் வந்தது. இடையில் சிறிது காலம் நீங்கியிருந்தாலும் 1920-இல் ஓய்வு பெறும்வரை அதுவே அவருடைய பணிக்களம். அக்கல்லூரியின் வழித்தோன்றலே இன்றைய த்சுகுபா பல்கலைக்கழகம். நாடெங்கும் பள்ளிகளுக்குச் செல்லும் ஆசிரியர்கள் அங்கே உருவாயினர்; நீச்சலும் நெடுந்தூர ஓட்டமும் ஜூடோவும் அவர்கள் வழியே பள்ளிகளைச் சென்றடைந்தன. சீன மாணவர்களுக்கென 1896 முதல் வகுப்பெடுத்து, பின்னர் 1902-இல் கோபுன் கக்குயின் என்னும் தனிப் பள்ளியையும் நிறுவினார். நவீனச் சீன இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் லூ சுன் அங்குப் பயின்றவர். சீனாவைப் போரில் வென்று செருக்குற்றிருந்த ஒரு நாட்டில், சீன மாணவரை விருந்தினராகப் பேணியவர் கானோ.

பெண்களுக்கு அவர் 1893 முதலே கற்பித்து வந்தார். 1926-இல் கோடோகனில் மகளிர் பிரிவு முறையாக அமைந்தது.

நம் நாட்டிற்கும் இக்கலை தாகூர் வழியாக வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே சனோ ஜின்னோசுகே என்பவர் சாந்திநிகேதனில் ஜப்பானிய மொழியும் ஜூடோவும் கற்பித்தார். 1929-இல் கோடோகனைச் சேர்ந்த தகாகாகி ஷின்ஸோ அங்கு வந்து இரண்டாண்டுக் காலம் பயிற்றுவித்தார். வங்கத்து மாணவியரும் அவரிடம் கற்றனர். கவிஞர் ஒருவர் தம் பள்ளிக்கு மற்போர் ஆசானை அழைத்தது விந்தையாகத் தோன்றலாம்; அச்சம் நீங்கிய உடலின்றி அச்சம் நீங்கிய உள்ளம் இல்லை என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

கானோவின் சிந்தனை முதிர்ந்த காலத்தில் இரு கோட்பாடுகளாகத் திரண்டது. உள்ள ஆற்றலை வீணாக்காது நல்வழியில் முழுமையாகப் பயன்படுத்துதல் ஒன்று. தானும் பிறரும் ஒருங்கே வளம் பெறுதல் மற்றொன்று. இரண்டும் பயிற்சிப் பாயிலிருந்தே பிறந்தவை. எதிராளி இல்லையேல் நான் கற்க முடியாது. ஆகவே எதிராளியின் நலம் என் நலமும் ஆகும்.

அவருடைய முதல் மாணவர்களுள் ஒருவராகிய சாய்கோ ஷிரோ, கோடோகனின் புகழுக்குப் பெருங்காரணமானவர். 1883-இல் முதற்படிப் பட்டம் பெற்ற இருவருள் ஒருவர். ஆசான் ஐரோப்பாவில் இருந்தபோது, 1890-இல் அவர் பள்ளியை விட்டே வெளியேறினார். அரசியல் ஈடுபாட்டால் சென்றார் என்பர் சிலர்; தெருச் சண்டையில் கலந்து பெயரைக் கெடுத்துக்கொண்டார் என்பர் வேறு சிலர். அவர் பின்னர் நாகசாகியில் பத்திரிகைத் துறையில் வாழ்ந்து 1922-இல் மறைந்தார். செய்தி அறிந்த கானோ அவருக்கு ஆறாம் படிப் பட்டம் வழங்கினார். முப்பதாண்டுகளுக்கு மேல் பிரிந்திருந்த மாணவர் அவர். கண்டிப்புக்குப் பெயர் பெற்ற ஆசானின் இச்செயலை நினைத்துப் பார்க்கிறேன்.

நெறியும் நிழலும்

கானோவைப் புகழ்வதோடு நின்றால் வரலாற்றுக்கு நீதி செய்தவராக மாட்டோம். வணக்கம் என்பது வெறும் பழக்கமாகும்போது அதன் மறைவில் கொடுமையும் குடியேறும். 1930-களில் ஜப்பானிய இராணுவ அரசு போர்க்கலைகள் அனைத்தையும் கீழ்ப்படிதலின் கருவியாக்கியது. போருக்குப் பின் நேச நாட்டு ஆட்சி அவற்றைப் பள்ளிகளில் தடை செய்தது. ஜூடோ 1950-இல்தான் மீண்டும் இடம்பெற்றது. அண்மைக் காலத்திலும் நிலை முற்றும் சீராகிவிடவில்லை. 1983 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகளில் ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோ தொடர்பான நிகழ்வுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர் உயிரிழந்தனர்; தலைக்காயமே பல மரணங்களுக்குக் காரணம். விழக் கற்றுத்தருமுன் எறிந்ததும், சோர்ந்தவனை ஓய்வெடுக்க விடாததும் குறைகளாகச் சுட்டப்பெற்றன. 2012-இல் ஜப்பானிய மகளிர் ஜூடோ அணியைச் சேர்ந்த 15 வீராங்கனைகள், தங்கள் பயிற்சியாளர் அடித்துத் துன்புறுத்தியதாகக் கூட்டாக முறையிட்டதும், 2013-இல் அவர் பதவி விலகியதும் உலகறிந்த செய்தி.

மாணவன் ஆசிரியருக்குப் பணிய வேண்டும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, ஆசிரியரும் பதிலுக்குக் குனிய வேண்டும் என்ற மற்றப் பாதியை மறந்ததன் விளைவு இது. விடுதிப் பள்ளியில் மூத்தவர்களிடம் அடிபட்ட சிறுவன் அமைத்த கலையிலேயே மூத்தவர் இளையவரை அடித்தனர் என்பது வேதனைக்குரியது. நம் விடுதிகளிலும் மைதானங்களிலும் மரியாதை என்ற பெயரில் நடப்பவற்றைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

கப்பலில் முடிந்த பயணம்

1909-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவில் ஆசியாவிலிருந்து இடம்பெற்ற முதல் உறுப்பினர் கானோ. 1912-இல் ஸ்டாக்ஹோமுக்கு ஜப்பான் அனுப்பிய விளையாட்டு வீரர் இருவரே. அவர்களை அழைத்துச் சென்றவர் அவர். ஒலிம்பிக் விழா ஆசிய மண்ணில் நடைபெற வேண்டும் என்பது முதுமையில் அவருடைய பெருவிருப்பமாயிற்று. 1936-இல் பெர்லினில் கூடிய குழு, 1940-ஆம் ஆண்டு விழாவைத் தோக்கியோவுக்கு வழங்கியது. மறு ஆண்டே ஜப்பான் சீனாவின்மீது பெரும்போர் தொடுத்தது. விழாவைத் தோக்கியோவில் நடத்தக்கூடாதென்ற குரல்கள் எழுந்தன. 1938 மார்ச்சில் கெய்ரோவில் நடந்த கூட்டத்திற்கு 77 வயது முதியவராகிய கானோ நேரில் சென்று வாதாடி, முடிவை நிலைநிறுத்தினார்.

அமெரிக்கா வழியாகத் திரும்பும் வழியில், ஹிகாவா மாரு என்னும் கப்பலில், மே 4-ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் உயிர் நீத்தார். கப்பல் யோகோஹாமா துறையை அடைய இன்னும் இரு நாளே இருந்தன. அதே ஆண்டு ஜூலையில், போரைக் காரணம் காட்டி ஜப்பானே விழாவைத் திருப்பி ஒப்படைத்துவிட்டது. அந்தச் செய்தியைக் கேளாமலே அவர் கண்மூடினார். அக்கப்பல் இன்றும் யோகோஹாமாத் துறையில் காட்சிக்கூடமாக நிற்கிறது.

ஜூடோவை ஒலிம்பிக்கில் சேர்க்க அவர் முனைந்ததில்லை என்பது வியப்பிற்குரியது. நாட்டுப் போட்டியில் சிக்கினால் கலையின் நோக்கம் திரிந்துவிடும் என்று அஞ்சினார். 1964-இல் தோக்கியோவில் ஒலிம்பிக் விழா நடந்தபோது ஜூடோ முதன்முதலாக அதில் இடம்பெற்றது. எடை வரம்பற்ற பிரிவின் இறுதியில், ஜப்பானின் கமினகாவை நெதர்லாந்தின் அன்டன் ஹேசிங்க் அடக்கிப் பிடித்து வென்றார். மகிழ்ச்சி தாளாமல் அவர் நாட்டினர் பாயின்மீது ஓடிவர முற்பட்டபோது, ஹேசிங்க் தரையில் இருந்தவாறே கை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். சொந்த மண்ணில் தோற்ற ஜப்பானியர், தம் ஆசானின் நெறி வெளிநாட்டவர் ஒருவரிடம் விளங்கியதைக் கண்டனர்.

இருபது ஆண்டுகள் கழித்து 1984-இல் லாஸ் ஏஞ்சலீஸ் விழாவில், அதே பிரிவின் இறுதிப் போட்டியில் ஜப்பானின் யமஷிதா யசுஹிரோவும் எகிப்தின் முஹம்மத் அலி ரஷ்வானும் மோதினர். முந்தைய பந்தயம் ஒன்றில் யமஷிதாவின் வலக்காலில் கெண்டைச் சதை கிழிந்திருந்தது. அவர் நொண்டிக்கொண்டே வந்தார். அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த ரஷ்வான் அக்காலைத் தாக்கி வெல்ல முயலவில்லை என்று உலகம் பாராட்டியது. பந்தயப் படத்தை நுணுகிப் பார்த்து மாறுபட்டுக் கூறுவோரும் உண்டு. எங்ஙனமாயினும் ரஷ்வான் தோற்றார்; நேர்மையான ஆட்டத்திற்கான பன்னாட்டு விருது அவருக்குக் கிடைத்தது. பரிசு மேடையில் ஏற இயலாது யமஷிதா தடுமாறியபோது கைகொடுத்து ஏற்றியவர் ரஷ்வானே. அதில் எவருக்கும் ஐயமில்லை. 2019-இல் ஜப்பானிய அரசு அவருக்கு உதயசூரியன் விருதளித்துச் சிறப்பித்தது.